எடைக் குறைப்பு ஆபரேஷனும் மதுவும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிக் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து வந்த கடிதங்களில் நிறைய பேர் மதுவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்கக் கூச்சப்பட்டு, கடைசியில் எங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். கேட்டது நல்லதாயிற்று. பெயர்களை வெளியிடவில்லை. இரைப்பை அறுவை மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: வயது 44. எட்டு மாதத்துக்கு முன்னால் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 126 கிலோவிலிருந்து 91 கிலோவுக்கு வந்துவிட்டேன். அடுத்த மாதம் மச்சினன் மகள் கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து வருகிற பங்காளிகள் பாட்டிலோடுதான் வருவார்கள். முன்பெல்லாம் மூன்று லார்ஜ் போட்டாலும் நிதானம் தப்பாது. இப்போது ஒன்றிரண்டு எடுத்தால் என்ன ஆகும்? (காரைக்குடி வாசகர்)

அந்தப் பழைய மூன்று லார்ஜ் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அது வேறு வயிற்றுக்குப் போட்ட கணக்கு.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் அளவுக்கான குழாய். மதுவை உடைக்கிற நொதி ஒன்று இரைப்பையின் உட்சுவரில் இருக்கிறது. முன்பு நீங்கள் குடித்ததில் ஒரு பகுதி ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே அங்கே உடைந்துவிடும். இப்போது அந்தச் சுவரே பெரும்பாலும் இல்லை. அதோடு, குடித்தது இரைப்பையில் தங்காமல் சிறுகுடலுக்கு இறங்கிவிடுகிறது. மதுவை மிக வேகமாக உறிஞ்சுகிற இடம் சிறுகுடல்தான். மூன்றாவதாக, உங்கள் உடம்பில் 35 கிலோ குறைந்திருக்கிறது. அதே மது, சிறிய உடம்பில் பரவும்போது அடர்த்தி கூடத்தான் செய்யும்.

எவ்வளவு கூடும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பைபாஸ் ஆபரேஷனுக்கு (இதய பைபாஸ் அல்ல; இரைப்பையைச் சிறு பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைக்கிற எடைக் குறைப்பு முறை) முன்னும் பின்னும் அதே நோயாளிகளுக்கு ஏறக்குறைய 150 மி.லி. ரெட் ஒயின் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தத்தில் மதுவின் உச்ச அளவு 0.024 சதவீதம். ஆறு மாதம் கழித்து அதே ஒரு கிளாஸுக்கு 0.088 சதவீதம். உடம்பிலிருந்து வடியும் நேரம் 49 நிமிடத்திலிருந்து 88 நிமிடமாக நீண்டது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி., அதாவது 0.03 சதவீதம். முன்பு வரம்புக்குள் நின்ற அதே ஒரு கிளாஸ், இப்போது வரம்பைப் போல மூன்று மடங்குக்கு ஆளைத் தூக்கிவிடுகிறது. இந்த எண்கள் பைபாஸுக்கு உரியவை. ஸ்லீவ் செய்துகொண்ட பெண்களிடம் பின்னால் நடந்த ஆய்விலும் உச்ச அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகத்தான் வந்தது. அதுவும் பத்து நிமிடத்துக்குள்ளேயே.

இந்த வேகம்தான் ஆளைக் கவிழ்ப்பது. முன்பு அரை மணி நேரத்தில் மெல்ல ஏறியதால் 'போதும்' என்று நிறுத்த அவகாசம் இருந்தது. இப்போது டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தலைக்கு ஏறிவிடும். ஏறிய வேகத்திலேயே கொஞ்சம் இறங்குவதுபோலவும் தோன்றும். உடனே இரண்டாவதை ஊற்றச் சொல்லும். மண்டபத்துப் படியில் விழுந்து மண்டை உடைவதும், பைக்கோடு சாய்வதும் பெரும்பாலும் அந்த இரண்டாவதால்தான்.

ஆகவே இந்தக் கல்யாணத்துக்கு வேண்டாம். உங்களுக்கு எடை இன்னும் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிற காலம் இது. கல்லீரல் ஏற்கெனவே உடம்பின் கொழுப்பைக் கரைக்கும் வேலையில் திணறிக்கொண்டிருக்கிறது. குறைந்தது ஒரு வருடம் தொடவே கூடாது என்பதுதான் எங்கள் கணக்கு. பைபாஸ் செய்தவர்களுக்கும், முன்பு குடியில் சிக்கியவர்களுக்கும் வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்றே சொல்கிறோம்.

வருடம் கழிந்தபின் உங்கள் மருத்துவர் சரி என்றால், அப்போதும் முறை உண்டு. புரதம் உள்ள சாப்பாட்டை முதலில் முடித்து அரை மணி நேரம் விடுங்கள். 30 மி.லி.யை அளவு குறித்த மருந்து மூடியால் அளந்து ஊற்றுங்கள். விரலை வைத்து மட்டம் பார்த்து ஊற்றுகிற பெக் பல வீடுகளில் 90 மி.லி. வரை வந்துவிடும். சோடாவும் கோலாவும் வேண்டாம், வெறும் தண்ணீர் 150 மி.லி. கலந்து ஒரு மணி நேரத்துக்கு நீட்டிக் குடியுங்கள். அத்தோடு முடிந்தது. வெளிநாட்டுப் பாட்டிலில் லேபிளைப் பாருங்கள்: சில விஸ்கியில் 55, 60 சதவீதம்கூட மது இருக்கும். நம் டாஸ்மாக் சரக்கில் 42.8 சதவீதம். அன்று சாவி உங்கள் கையில் இருக்கக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒண்ணுதான் சார் குடிச்சேன்' என்று நீங்கள் உண்மையே சொன்னாலும் கருவி வேறு சொல்லும்.

பந்தியில் வற்புறுத்துபவர்களிடம் நீண்ட விளக்கம் எதற்கு? 'மருந்து சாப்பிடுறேன் மச்சான், டாக்டர் கூடாதுன்னுட்டார்' என்று ஒரே வாக்கியம் போதும். கையில் ஒரு டம்ளர் மோர் இருந்தால் யாரும் புதிதாக ஒரு கிளாஸைத் திணிக்க மாட்டார்கள்.

கேள்வி: பீர் மட்டும் குடித்தால் பரவாயில்லையா? அதில் போதை குறைவுதானே? (பள்ளத்தூர் வாசகர்)

650 மி.லி. பாட்டில் ஒன்றில், 5 சதவீத பீர் என்றால் சுமார் 26 கிராம் மது இருக்கிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம். ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி. பிராந்தியில் இருப்பது 20 கிராம். ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் இரண்டு லார்ஜுக்குச் சமம். அதற்கு மேல் பீரில் வாயு வேறு. சுருங்கிய இரைப்பையில் அது விரிந்து நெஞ்சை அடைக்கும், எதுக்களிக்கும், வாந்தி வரும். ஆபரேஷன் ஆன முதல் வாரங்களில் அப்படி ஓங்கரித்து வாந்தி எடுப்பது தையலுக்கே ஆபத்து. பீர் எந்தக் கட்டத்திலும் நல்ல தேர்வு இல்லை.

கேள்வி: என் அண்ணனுக்கு பைபாஸ் ஆகி மூன்று மாதம். நண்பர்களோடு போய் இரண்டு முறை குடித்துவிட்டார். பிறகு பத்து நாளாகச் சாப்பிட்டதெல்லாம் வாந்தி. உள்ளூர் கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தெம்பு வரவில்லை. இப்போது பாதம் மரத்துப்போகிறது, நடக்கும்போது தள்ளாடுகிறார், இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறார். மது வாடையே இல்லை. இது போதையின் மிச்சமா? (புதுவயல் வாசகி)

இல்லை அம்மா. இந்தக் கடிதம் வந்தவுடன் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 வற்றிப்போனதைக் காட்டுகின்றன. இந்த வைட்டமினை உடம்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமித்து வைக்காது. ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடே குறைவு. வாந்தி இருந்தால் அதுவும் தங்காது. மது வந்தால் குடல் தயமினை உறிஞ்சுவதையே தடுத்துவிடும். மூன்றும் சேர்ந்த இடத்தில் மூளையும் நரம்பும் அடி வாங்குகின்றன. கண் பார்வை இரட்டிப்பது, கருவிழி தானாக ஆடுவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பின் அடையாளம். சில நாள் தாமதித்தாலும் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். இதைக் 'குடிச்சிட்டு ஆடுறான்' என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் கொடுமை.

குளுக்கோஸ் டிரிப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பு குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். தயமின் வற்றிய உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கிற கொஞ்சமும் செலவாகி நிலைமை திடீரென மோசமாகும். முதலில் தயமின் ஊசி நரம்பு வழியாக, அதற்குப் பிறகோ அதோடு சேர்த்தோதான் குளுக்கோஸ். நீர் வற்றியிருந்தால் அதுவரை நார்மல் சலைன் ஏற்றலாம். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் வாசலிலேயே சொல்லுங்கள்: 'எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனவர், இத்தனை நாளாக வாந்தி, குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் போடுங்க.' ஆபரேஷன் விவரத்தை ஒரு சீட்டில் எழுதி அவருடைய பர்ஸில் வைத்துவிடுங்கள்.

இந்த நிலையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போதாது. வாந்தி எடுப்பவருக்கு வாய் வழியாகக் கொடுப்பது உள்ளே நிற்காது. ஆபரேஷன் ஆனவருக்கு இரண்டு நாள் தொடர்ந்து வாந்தி என்றால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். மூச்சு, நினைவு, பார்வை இவற்றில் எது மாறினாலும் 108தான்.

நம் பக்கத்துப் புழுங்கல் அரிசியில் தயமின் ஓரளவு இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்குவதால் தீட்டிய பச்சரிசியை விட மேல். ஆனால் ஆபரேஷன் ஆனவர் சாப்பிடுவதே இரண்டு கை சோறு. அதை நம்பி, எழுதிக் கொடுத்த வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: பைபாஸ் ஆகி ஒன்றரை வருடம். சர்க்கரைக்கு இன்னும் மாத்திரை உண்டு. போன வாரம் ஒரு லார்ஜ் கோலாவில் கலந்து குடித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. 'ஓவர்' என்று படுக்க வைத்துவிட்டார்கள். (திருப்பத்தூர் வாசகர்)

அன்று நீங்கள் எழுந்தது அதிர்ஷ்டம். அது ரத்தச் சர்க்கரை சரிந்ததாகவே இருக்க வேண்டும். கோலாவின் சர்க்கரை நேராகச் சிறுகுடலில் கொட்ட, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்திருக்கும். ஒரு மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை இறங்குவது பைபாஸ் ஆனவர்களிடம் தெரிந்த விஷயம். சாதாரணமாக அப்போது கல்லீரல் சர்க்கரை தயாரித்து ஈடுகட்டும். மது உள்ளே இருக்கும்போது கல்லீரல் அந்த வேலையைச் செய்யாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் சரிவு இன்னும் ஆழம். மெட்ஃபார்மினும் மதுவும் சேர்ந்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் அபாயம் தனியாக இருக்கிறது.

போதைக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. குளுக்கோமீட்டர் ஒன்றுதான் சொல்லும். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறியதும் ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சர்க்கரையே இன்னொரு சரிவைக் கொண்டுவரும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். மாத்திரை அளவை இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள். எடை இறங்கியபின் பழைய டோஸ் பெரும்பாலும் அதிகம்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆகி இரண்டரை வருடம். முதல் வருடம் தொடவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது கட்டிங் இல்லாமல் ராத்திரி தூங்குவதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால்கூட இப்படி இல்லை. குடியை மறக்க வைக்கும் பொடி என்று ஒருவர் கொடுத்தார், சாம்பாரில் தெரியாமல் கலந்துவிடச் சொல்கிறார். கலக்கலாமா? (ஆத்தங்குடி வாசகி)

கலக்காதீர்கள். அந்தப் பொட்டலத்தை இன்றே ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக் கொடுக்கப்படும் பொடிகளில் பல, டைசல்ஃபிராம் என்ற மருந்தைச் சேர்த்துத் தயாரானவை. வேறு என்னென்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, கடும் வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு உள்ளவர் உயிரே போகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கும். நல்ல மருத்துவர் இதை எழுதினால், நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கி, கல்லீரல் பரிசோதனை பார்த்துத்தான் எழுதுவார். தனக்குத் தெரியாமல் மருந்து சாப்பிட்ட மனிதர் வழக்கம்போல் குடிக்கத்தான் போவார். பைபாஸ் ஆனவருக்கு அந்த வாந்தி, மேலே சொன்ன தயமின் சிக்கலையும் கூட்டிவரும்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் பற்றி. இது அவருடைய மனம் கெட்டதால் வந்தது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவில், குடிப் பிரச்சினை உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முந்தைய வருடம் 7.6 சதவீதம், இரண்டாம் வருடத்தில் 9.6 சதவீதம். பின்னர் 2017இல் வந்த கணக்கு இன்னும் யோசிக்க வைப்பது: முந்தைய வருடம் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் பைபாஸ் செய்துகொண்டவர்களில், ஐந்து வருடத்துக்குள் ஐந்தில் ஒருவருக்குக் குடிப் பிரச்சினையின் அறிகுறிகள் வந்திருந்தன. முதல் வருடம் சும்மா இருந்து, செக்கப் போவதும் நின்றுபோன பிறகுதான் இது தலைதூக்குகிறது. உங்கள் கடிதத்தில் உள்ள காலக்கணக்கு அப்படியே பொருந்துகிறது. வேகமாக ஏறுகிற போதையை மூளை சீக்கிரம் பழகிக்கொள்வது ஒரு காரணம். ஆண்கள், இளவயதினர், புகைப்பவர்கள், முன்பே அடிக்கடி குடித்தவர்கள், ஆதரவாகப் பேச ஆளில்லாதவர்கள் ஆகியோரிடம் அபாயம் கூடுதல்.

கட்டிங் என்றால் 90 மி.லி., சுமார் 30 கிராம் மது. பைபாஸ் ஆனவர் ரத்தத்தில் அது இன்னொருவரின் குவார்ட்டர் (180 மி.லி.) அளவுக்கு வேலை செய்யக்கூடும். 'கொஞ்சம்தானே' என்று நீங்களும் சமாதானப்பட வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு, அன்று என்ன சாப்பிட்டார், வாந்தி உண்டா, காலையில் கை நடுங்குகிறதா, மேல்வயிறு எரிகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா. கடைசி இரண்டும் பைபாஸ் இணைப்பில் புண் வந்திருப்பதைக் காட்டலாம். அவர் சிகரெட்டும், வலிக்கு டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரையும் எடுப்பவர் என்றால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது. கறுப்பு மலம் என்றால் நோட்டு நிரம்பக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேசுவது அவர் குடித்திருக்கும் ராத்திரியில் வேண்டாம், காலையில் பேசுங்கள். 'இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க நிறையப் பேருக்கு இப்படி வருதாங்க. நம்ம டாக்டரை ஒரு எட்டுப் பார்த்துட்டு வருவோம்' என்று ஆரம்பித்தால் சண்டை குறையும். மாமியாரையும் பங்காளிகளையும் கூட்டிவைத்துப் பேசுவதைக் கடைசிவரை தள்ளிவையுங்கள். அவமானப்பட்டவர் ஒளித்துக் குடிக்கப் பழகுவார்.

சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். குடி ஆசையைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. பைபாஸ் ஆனவர் என்பதைச் சொன்னால் உறிஞ்சப்படும் வகையாகப் பார்த்துத் தருவார்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

கேள்வி: தினமும் ஒரு குவார்ட்டர் பழக்கம், எட்டு வருடமாக. எடை 138. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போகிறேன். குடியைப் பற்றிச் சொன்னால் ஆபரேஷன் செய்ய மாட்டார்களோ என்று பயம். ஒரு நாள் முன்னால் நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துவிடலாமா? (தேவகோட்டை வாசகர்)

அந்தத் திட்டம்தான் உங்களுக்கு மிக ஆபத்தானது. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆளையே மறந்து பிதற்றும் நிலை வரலாம். அதாவது சரியாக நீங்கள் தையலோடு படுத்திருக்கும் நேரத்தில். மயக்க மருந்து டாக்டருக்கு உண்மை தெரியாவிட்டால் அளவும் பிசகும்.

தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எந்தச் சரக்கு, எத்தனை மி.லி., எத்தனை வருடம். ஆபரேஷன் தள்ளிப்போகும், உண்மைதான். முதலில் மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்த வைத்து, கல்லீரல் பார்த்து, சில மாதம் குடிக்காமல் இருக்கிறீர்களா என்று கவனித்துத்தான் தேதி தருவார்கள். அந்த மாதங்களில் ஒரு லாபம்கூட உண்டு. குவார்ட்டர் ஒன்றில் மதுவிலிருந்து மட்டும் ஏறக்குறைய 425 கலோரி. சைட் டிஷ்ஷும் சேர்த்து நின்றால் ஆபரேஷனுக்கு முன்பே எடை இறங்கத் தொடங்கும்.

கேள்வி: மகளுக்கு ஸ்லீவ் ஆகி நான்கு மாதம். உடம்பு தேற ஆச்சி தசமூலாரிஷ்டம் கொடுக்கச் சொல்கிறார். அதில் மது இருக்கிறது என்கிறார்களே? (கானாடுகாத்தான் வாசகி)

இருக்கிறது. அரிஷ்டம், ஆசவம் எல்லாமே நொதித்துத் தயாராவதால் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை மது தானாக உண்டாகும். 30 மி.லி. குடித்தால் உள்ளே போவது இரண்டு கிராம் அளவுதான். அது போதைக்குக் காணாது. அதில் உள்ள வெல்லத்தைத்தான் நாங்கள் கவனிக்கச் சொல்வோம். படபடப்பு, வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல் வரலாம். பதநீருக்கும் அதே பதில்தான். குடியை விட்டுக்கொண்டிருப்பவர், டைசல்ஃபிராம் எடுப்பவர், கர்ப்பமாக இருக்கக்கூடியவர் ஆகியோர் இந்த இரண்டு கிராமையும் தவிர்க்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு பைபாஸோ ஸ்லீவோ, ஒன்று முதல் ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதையும் மகளிடம் நினைவுபடுத்துங்கள்.

தேறுவதற்கு அவளுக்கு வேண்டியது நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதமும், எழுதிக் கொடுத்த இரும்பு, பி12, கால்சியம், டி மாத்திரைகளும். ஆச்சி மனம் கோணாமல் இருக்க, மிளகு தட்டிப் போட்ட நாட்டுக்கோழிச் சூப்பை வடிகட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். அரை டம்ளர், கால் மணி நேரம் எடுத்து மெல்ல. கோழிக்கறியையும் எலும்பு நீக்கி, மசிய அரைத்துத் தனியாகக் கொடுங்கள். சூப்பில் இறங்குகிற புரதம் கொஞ்சம்தான்.